எங்கள் கடைத்தெருவை எங்களைக் கேட்காமல் எடுத்தீர்கள்

எத்தனை முறைதான் எங்களை நகரச் சொல்வீர்கள்? நெரிசல் என்றீர்கள், நகர்ந்தோம். சுகாதாரம் என்றீர்கள், நகர்ந்தோம். ரயிலுக்கு இடம் வேண்டும், பேருந்துக்கு இடம் வேண்டும், நகரம் வளர வேண்டும் என்றீர்கள். ஒவ்வொன்றுக்கும் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நகர்ந்தோம். நகர்ந்தவர்களில் எத்தனை பேர் பிழைத்தோம், எத்தனை பேர் பிழைப்பை விட்டோம் என்று ஒருமுறையாவது யாராவது எண்ணினீர்களா?

வடசென்னையின் வியாபார வரலாற்றை எழுதுகிறவர்கள் பாரி கட்டடத்தைப் பற்றி எழுதுகிறார்கள். உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்களைப் பற்றி, துபாஷிகளைப் பற்றி, கப்பல் ஏறி வந்த கம்பெனிகளைப் பற்றி எழுதுகிறார்கள். அந்தத் தெருக்களில் மூட்டை சுமந்தவனையும் கூறு கட்டி விற்றவளையும் யாரும் எழுதுவதில்லை. நான் வியாசர்பாடிப் பக்கம் எம்.கே.பி. நகரில் வளர்ந்தவள். என் அப்பா கொத்தவால் சாவடியில் மூட்டை தூக்கினார். அம்மா அதே சாவடியில் காய் வாங்கி வந்து வியாசர்பாடித் தெருக்களில் விற்றார். எங்கள் வீட்டு உலையில் வெந்த அரிசி முழுக்க அந்தக் கடைத்தெருவின் அரிசி. அதனால் இந்த வரலாற்றை நான் சொல்கிறேன்.

நகர்த்துவது நேற்று தொடங்கியதல்ல. புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே முதலில் இருந்த ஊர் பழைய கறுப்பர் நகரம். நெசவாளிகள், சாயக்காரர்கள், வியாபாரிகள், கூலிக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். 1758 டிசம்பரில் பிரெஞ்சுப் படை வந்து கோட்டையை முற்றுகையிட்டது. முற்றுகை முடிந்ததும், எதிரி மறைந்து நிற்க இடம் கொடுத்த ஊர் இனிக் கோட்டைக்கு அருகில் இருக்கக்கூடாது என்று கிழக்கிந்தியக் கம்பெனி முடிவெடுத்தது. வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஊரின் பெரிய கோயிலான சென்னகேசவப் பெருமாள் கோயில் அதற்கு முன்பே, 1757இல், இடிக்கப்பட்டிருந்தது. அதற்கு ஈடாகத்தான் பூக்கடைப் பக்கம் இன்றைய இரட்டைக் கோயில்கள் எழுந்தன. இனி இந்த எல்லைக்குள் யாரும் வீடு கட்டக்கூடாது என்று 1773இல் ஆறு தூண்களை நட்டார்கள். அதில் ஒன்று இன்றும் பாரிமுனையில் நிற்கிறது. ஊர் இருந்த இடத்தில் பிறகு உயர் நீதிமன்றம் வந்தது.

இடிபட்டவர்கள் முத்தியால்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் மறுபடி குடியேறி, மறுபடி கடை வைத்து, இன்று நாம் ஜார்ஜ் டவுன் என்று சொல்கிற கடைத்தெருவை உண்டாக்கினார்கள். ஊரைச் சுற்றி மதில் எழுப்பிவிட்டு அதற்கான செலவையும் அவர்களிடமே வரியாகக் கேட்டது கம்பெனி. வசூலாகாத அந்த வரியின் பெயரைத்தான் இன்றைய வால்டாக்ஸ் சாலை சுமக்கிறது. இடிப்பதும் அவர்களே, அதற்கு விலை கேட்பதும் அவர்களே. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் எங்கள் பக்கம் இந்த முறை மாறவில்லை.

கொத்தவால் சாவடி என்ன செய்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆதியப்ப நாயக்கன் தெரு, அண்ணா பிள்ளை தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு என்று ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் சந்துகளின் நடுவே இருந்த சந்தை அது. நிலம் கன்னிகா பரமேஸ்வரி தேவஸ்தானத்துடையது. ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுக் காலம் இந்த மாநகரம் சாப்பிட்ட காய்கறி அந்தச் சந்துகள் வழியாகத்தான் வந்தது. சாவடியின் பகல் நள்ளிரவில் தொடங்கும். ஆந்திரப் பக்கமிருந்தும் கர்நாடகப் பக்கமிருந்தும் லாரிகள் வரும். சந்து குறுகல், லாரி உள்ளே போகாது. லாரி போகாத அந்தத் தூரம்தான் எங்கள் ஆட்களின் பிழைப்பு. வெளியே நிற்கும் வண்டியிலிருந்து உள்ளே மண்டிவரை ஒவ்வொரு மூட்டையும் ஒரு மனிதனின் முதுகில் போனது. மேஸ்திரி கணக்கு வைப்பார். விடியும்போது கூலி கையில் வந்துவிடும்.

மூட்டை இறங்கியதும் பெண்களின் நேரம். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று எல்லாப் பக்கமிருந்தும் கூடைக்காரிகள் வருவார்கள். மொத்த வியாபாரி மூட்டைக் கணக்கில் விற்பான். இவர்களுக்கு அவ்வளவு முதல் கிடையாது. உடைந்த மூட்டையில் பங்கு, உதிர்ந்த வெங்காயம், ஒடிந்த முருங்கைக்காய், கொஞ்சம் கனிந்துவிட்ட தக்காளி. மண்டிக்காரருக்குத் தெரிந்த முகமாக இருந்தால் கடன். இல்லாவிட்டால் தண்டல்காரரிடம் காலையில் வாங்கி, மாலையில் வட்டியோடு கட்டுவது. சும்மாடு சுற்றிக் கூடையை ஏற்றிக்கொண்டு, மிண்ட், பேசின் பிரிட்ஜ் வழியாக நடந்தே வியாசர்பாடிக்கு வந்துவிடலாம். ஐந்து கிலோமீட்டர் சுமாருக்கு. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புமுன் அம்மா வீட்டு வாசலில் கூடையை இறக்கிவிடுவார். பத்து மணிக்குள் பாதி விற்றுப்போகும். சாயங்காலம் மீதியைக் கூறு கட்டி வைப்பார். அந்தக் கூறை வாங்குகிறவர்களும் எங்களைப்போல அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். விலை உயர்ந்த நாளில் கூறு சிறிதாகும். அதற்காக எந்த வீட்டிலும் குழம்பு நின்றதில்லை.

தூரம் குறைவு என்ற ஒரே காரணத்தால் நடந்த வாழ்க்கை அது. கையில் பணமில்லாத பெண், எழுத்தறியாத பெண், புருஷன் குடித்துவிட்டுப் படுத்துவிட்ட பெண், யாராக இருந்தாலும் மறுநாள் காலையில் சாவடிக்குப் போய்ச் சாயங்காலம் அடுப்பேற்ற முடிந்தது. இதைவிடப் பெரிய வேலைவாய்ப்புத் திட்டம் எதையும் வடசென்னை பார்த்ததில்லை.

முதல் அடி மூர் மார்க்கெட்டில் விழுந்தது. 1898இல் அடிக்கல் நாட்டி 1900இல் திறந்த சந்தை, 1985 மே 30 அன்று எரிந்தது. பழைய புத்தகம், இசைத்தட்டு, கிளி, நாய்க்குட்டி, பழைய இரும்பு என்று இல்லாத பொருள் இல்லாத இடம். வியாசர்பாடிப் பையன்கள் பாதி விலைக்குப் பாடப்புத்தகம் வாங்கிய இடம். எரிந்த நிலத்தில் புறநகர் ரயில் நிலையக் கட்டடம் எழும்பியது. கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். அங்கே பழைய கூட்டம் வரவில்லை.

அடுத்து வந்தது 1996. மெட்ராஸ் என்ற பெயரைச் சென்னை என்று மாற்றிய அதே ஆண்டில் எங்கள் பக்கம் இரண்டு கதவுகள் மூடின. ஒன்று பி அண்டு சி மில். 1876இல் தொடங்கிய பக்கிங்காம் ஆலையும் அதன் பின் வந்த கர்னாடிக் ஆலையும் சேர்ந்த நிறுவனம் அது. இந்தத் தொழிலாளிகள்தான் 1918இல் திரு.வி.க., வாடியா போன்றோருடன் சேர்ந்து இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கத்தை அமைத்தார்கள். அந்த ஆலையின் சம்பள நாளில்தான் பெரம்பூர், பட்டாளம், புளியந்தோப்பு, வியாசர்பாடி கடைகளில் கடன் நோட்டுகள் அடிக்கப்படும், புதுத்துணி எடுக்கப்படும். ஆலை நின்றதும் அந்தக் கடைகளின் இரத்த ஓட்டம் நின்றது.

மற்றொன்று சாவடி. மொத்த வியாபாரத்தை அங்கிருந்து எடுத்து, 295 ஏக்கரில் கட்டிய கோயம்பேடு வளாகத்துக்குக் கொண்டுபோனார்கள். காய்கறி, பழம், பூ மொத்த வியாபாரம் இனி அந்த வளாகத்தில் மட்டும்தான் நடக்கலாம் என்று அதே ஆண்டில் சட்டமும் வந்தது. வரலாறு இதை நகரத் திட்டமிடலின் வெற்றி என்று எழுதுகிறது. சாவடியில் கடை வைத்திருந்தவருக்குக் கோயம்பேட்டில் கடை எண் கிடைத்தது. மண்டிக்காரரை எண்ணினீர்கள். அவருடைய தராசு எங்கே வைக்கப்படும், லாரி எங்கே நிற்கும் என்று வரைபடத்தில் வரைந்தீர்கள். என் அம்மாவின் கூடை எந்த வரைபடத்தில் இருந்தது? அப்பாவின் முதுகுக்கு எந்தப் பட்டியலில் இடம் இருந்தது?

எம்.கே.பி. நகரிலிருந்து கோயம்பேடு பத்துக் கிலோமீட்டருக்கு மேல். கூடையோடு நடக்கிற தூரமா அது? பேருந்தில் கூடையை ஏற்ற விடமாட்டார்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வண்டி பேசிக்கொண்டு போக வேண்டும். வண்டி வாடகை கொடுத்துக் கட்டுப்படியாக வேண்டுமானால் மூட்டையாக வாங்க வேண்டும். மூட்டையாக வாங்க முதல் வேண்டும். முதலுக்குத் தண்டல். அன்றன்றைக்குக் கட்டிய தண்டல் வாரக்கணக்காக ஆனது, வாரக்கணக்கு மாதக்கணக்கானது. கையில் கொஞ்சம் பணமிருந்த சிலர் குட்டி வண்டி வைத்து வியாபாரத்தைத் தக்கவைத்தார்கள். மற்ற பெண்கள் வீட்டு வேலைக்குப் போனார்கள். சுமைதூக்கிகளில் வலுவிருந்தவர்கள் கோயம்பேட்டுக்குப் பின்னாலேயே போனார்கள். அப்பாவைப் போல வயதானவர்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். முதுகு தேய உழைத்தவருக்கு ஓய்வூதியமும் இல்லை, ஒரு வார்த்தை நன்றியும் இல்லை.

நெரிசல் உண்மைதான். மழை நாளில் சாவடிச் சந்தில் முழங்கால்வரை அழுகல் மிதித்து நடந்ததும் உண்மைதான். அந்த அழுகலை மிதித்தது யார்? நாங்கள்தானே! சாக்கடையும் வெளிச்சமும் கழிப்பறையும் வேண்டும் என்று எல்லோரையும்விட அதிகமாக ஆசைப்பட்டவர்கள் அங்கே வேலை செய்த பெண்கள். விடிய விடிய அடக்கிக்கொண்டு நின்றவர்கள் அவர்கள். சந்தையைச் சீர்திருத்தாதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. வடசென்னைக்கென்று ஒரு சிறு மொத்தச் சந்தையை மூலக்கடையிலோ மாதவரத்திலோ அன்றே அமைத்திருக்கலாம். கூடைக்காரிகளுக்கு அதிகாலையில் ஒரு பேருந்து விட்டிருக்கலாம். சுமைதூக்கிகளைப் பதிவு செய்து வேலை கொடுத்திருக்கலாம். இதில் எது முடியாத காரியம்? எங்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

பிறகு 2002இல் வெளியூர்ப் பேருந்துகளும் பிராட்வேயிலிருந்து கோயம்பேட்டுக்குப் போயின. பேருந்து ஏறுமுன் துணி எடுத்து, பாத்திரம் வாங்கி, பூ வாங்கிக்கொண்டு போன வெளியூர்க் கூட்டம் அதோடு போனது. நடைபாதைக் கடைக்காரனுக்கு அந்தக் கூட்டம்தான் முதலாளி. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மெட்ரோ வேலைக்குத் தோண்டிப் போட்ட ஆண்டுகளில் அங்கே கடை வைத்திருந்தவர்கள் வாடிக்கையாளர் முகம் பார்க்காமல் வாடகை கட்டினார்கள். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர்வரை ரயில் ஓடியது. ரயில் வந்ததில் எங்களுக்கும் மகிழ்ச்சிதான். அதற்காக அந்த ஆண்டுகளில் மூடிய பெட்டிக்கடை திரும்பத் திறந்துவிடாது.

2020இல் கொரோனா வந்தபோது கோயம்பேட்டையே மூடினார்கள். காய்கறிச் சந்தை திருமழிசைக்குப் போனது. எம்.கே.பி. நகரில் வண்டி தள்ளுகிறவருக்குத் திருமழிசை எங்கே இருக்கிறது என்று தெரியுமா? பழமும் பூவும் மாதவரத்துக்கு வந்தன. வடக்கே சந்தை வைக்க இடம் இருக்கிறது என்று அந்தச் சில மாதங்களில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. 1996இல் இல்லாத இடம் 2020இல் மட்டும் எங்கிருந்து முளைத்தது?

எங்களிடமிருந்து எடுத்ததற்குப் பதிலாக நீங்கள் கொடுத்தது என்ன? சந்தையின் அழுகல் ஜார்ஜ் டவுனில் இருக்கக்கூடாது என்றீர்கள். மாநகரத்தின் பாதிக் குப்பையைக் கொண்டுவந்து எங்களுக்குப் பக்கத்தில், கொடுங்கையூரில், முந்நூறு ஏக்கருக்கு மேல் மலையாகக் குவித்தீர்கள். அது எரியும் நாளில் எம்.கே.பி. நகரில் சன்னலைத் திறக்க முடியாது. சுகாதாரம் என்ற சொல்லை எங்கள் சந்தையை எடுக்கும்போது மட்டும் நினைவு வைத்திருந்தீர்கள். எண்ணூரில் அனல்மின் சாம்பலைக் கொட்டினீர்கள். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் கறுத்தது. எண்ணூர் மீன் என்று சொன்னாலே வாங்க ஆள் வராமல் மீன்காரப் பெண்கள் கூடையோடு திரும்பினார்கள்.

அதே டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வியாசர்பாடியை நாள்கணக்கில் நீரில் வைத்தது. கணேசபுரம் சுரங்கப்பாதை மழையென்றால் மூடும், மூடினால் எங்களுக்கும் நகரத்துக்கும் நடுவில் வழி சுருங்கும். வீட்டுக்கு ஆறாயிரம் ரூபாய் நிவாரணம் வந்தது. அது வீட்டுக்கு. தள்ளுவண்டியில் இருந்த வெங்காய மூட்டை, தையல் கடையின் துணி, இட்லிக் கடையின் மாவு, செல்போன் ரிப்பேர் கடையின் பெட்டி இவற்றுக்குக் கணக்கு எந்தப் படிவத்தில் இருந்தது? கடைத்தெரு என்றால் உங்களுக்குக் கண்ணாடிக் கதவு போட்ட கடை மட்டும்தான். ஓரத்தில் விரித்த சாக்குப்பையும் கடைதான் என்பதை எப்போது ஒத்துக்கொள்வீர்கள்?

சாவடிக்குப் போக முடியாமல் போன பிறகு அம்மா எம்.கே.பி. நகரிலேயே சாலையோரத்தில் வண்டி போட்டார். அக்கம்பக்கத்தில் குட்டி வண்டி வைத்திருந்தவர்கள் தங்கள் சரக்கில் கொடுத்த பங்கை விற்றார். ஒருநாள் ஆக்கிரமிப்பு அகற்ற வந்தவர்கள் காயோடு வண்டியைத் தூக்கிப் போனார்கள். அபராதம் கட்டி மீட்கப் போனால் இன்று வா, நாளை வா என்றார்கள். வண்டி திரும்பி வந்தபோது கத்தரிக்காய் கறுத்து, தக்காளி நீராகி ஒழுகியது. தண்டல்காரருக்கு அது தெரியுமா? அவர் வந்து வாசலில் நின்றார். அம்மா தாலியில் கோத்திருந்த குண்டுமணியைக் கழற்றிக் கொடுத்தார். அந்த நாளை நான் மன்னிக்கமாட்டேன்.

அப்போது எங்களுக்குத் தெரியாத ஒன்றைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் 2014இலேயே வந்துவிட்டது. பறிமுதல் செய்தது அழுகும் பொருள் என்றால் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். தெரு வியாபாரிகள் அனைவரையும் கணக்கெடுத்துச் சான்று கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது இடம் வியாபாரிகளுக்கு, அதில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு என்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தெரு வியாபாரம் நடந்த இயல்பான சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்குள்ளவர்களை இடம் மாற்றக்கூடாது என்றும் அதில் எழுதியிருக்கிறது. ஐம்பது ஆண்டுகள்! எங்கள் கடைத்தெருக்களின் வயது அதைப்போல நாலைந்து மடங்கு. சட்டம் எங்கள் பக்கம் இருந்த நாளில்தான் எங்கள் வண்டி தூக்கப்பட்டது. சட்டத்தைப் படித்தவர்கள் அதை எங்களிடம் சொல்லவில்லை. எங்களுக்குக் காட்டியது அபராதச் சீட்டு ஒன்றைத்தான்.

இப்போது பிராட்வே பேருந்து நிலையத்தையும் குறளகத்தையும் எடுத்துவிட்டுப் பல அடுக்கு வளாகம் கட்டும் திட்டம் வந்திருக்கிறது. நல்ல கட்டடம் வரட்டும். வெயிலில் நிற்கும் பயணிக்கு நிழல் கிடைக்கட்டும். அந்த நிலையத்தைச் சுற்றிச் சுண்டல் விற்கிறவர், பூ விற்கிறவர், பழைய புத்தகம் விரிப்பவர், சீப்புக் கண்ணாடி விற்கிறவர் எல்லோரையும் எண்ணினீர்களா? புது வளாகத்தில் அவர்களுக்கு இடம் உண்டா, உண்டென்றால் அவர்களால் கொடுக்க முடிந்த வாடகையா? கட்டி முடியும்வரை அவர்கள் எதைச் சாப்பிடுவார்கள்? 1985இலும் 1996இலும் 2002இலும் கேட்காமல் விட்ட கேள்விகள் இவை. இந்த முறை நாங்கள் கேட்கிறோம்.

எங்களுக்கு இரக்கம் வேண்டாம். வடசென்னைக்கென்று ஒரு மொத்தக் காய்கறிச் சந்தை வேண்டும், நடந்தோ ஒரே பேருந்திலோ போகக்கூடிய தூரத்தில். அதிகாலையில் கூடை ஏற்றிக்கொள்ளும் பேருந்து வேண்டும். எம்.கே.பி. நகரிலும் வியாசர்பாடியிலும் சாலையோரம் விற்கிற ஒவ்வொரு பெண்ணின் பெயரும் மாநகராட்சிக் கணக்கில் ஏற வேண்டும், கையில் சான்று வேண்டும். வெள்ளம் வந்தால் வண்டிக்கும் சரக்குக்கும் இழப்பீடு வேண்டும். எந்தக் கடைத்தெருவில் கை வைப்பதாக இருந்தாலும் அங்கே சுமப்பவர்களையும் விற்பவர்களையும் முதலில் கூப்பிட்டுப் பேச வேண்டும்.

வாசிக்கிற உங்களிடமும் ஒரு வார்த்தை. உங்கள் தெருவில் வண்டி தள்ளி வரும் பெண்ணிடம் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் மாமன்ற உறுப்பினரிடம் அழைத்துப் போங்கள். அவள் வண்டியை யாராவது தூக்க வந்தால் 2014ஆம் ஆண்டுச் சட்டம் என்று உரக்கச் சொல்லுங்கள். சாவடியை எடுத்த நாளில் எங்களுக்காகப் பேச ஒருவரும் இல்லை. எங்களை எண்ணாமல் எங்கள் தெருவை எடுத்தது அநியாயம். இன்னொரு முறை அதற்கு நாங்கள் இடம் கொடுக்கமாட்டோம்.